உங்கள் கையெழுத்து போதும்: வாசகர் கேள்விகள்

ஐந்து மாதம். நடவுக்குப் போகிறேன். ஆஸ்பத்திரி போனால் அன்றைய கூலி போச்சு. (திருத்துறைப்பூண்டி)

மாதாமாதம் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை டாக்டரே இலவசமாகப் பார்ப்பார். அந்த ஒரு நாளையாவது விடாதீர்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7க்குக் கீழே என்றால் நடவை விட்டுவிட்டு ஓடுங்கள். சத்து மாத்திரையை வரப்பில் டீயோடு விழுங்க வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

மனைவிக்கு நாள் தள்ளிப்போச்சு. என்ன மாத்திரை? (ஊர் எழுதவில்லை)

எத்தனை நாள், என்ன வயது, எதுவும் இல்லை. அவருக்குக் குழந்தை வேண்டுமா வேண்டாமா என்றுகூட எழுதவில்லை. மாத்திரை பெயர் சொல்ல மாட்டேன். டாக்டர் பார்க்காமல் மருந்துக்கடை மாத்திரை கூடாது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. அழைத்துப் போங்கள், பேசுவது அவராக இருக்கட்டும்.

கருவைக் கலைக்க வீட்டுக்காரர் கையெழுத்து கேட்கிறார்கள். அவர் திருப்பூரில் இருக்கிறார். (மன்னார்குடி)

இந்தக் கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது! 1971ஆம் வருடச் சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது: 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவர் சம்மதம் மட்டும் போதும். 20 வாரம் வரை ஒரு டாக்டர் முடிவு செய்யலாம். அதற்கு மேல் 24 வரை, குறிப்பிட்ட சில நிலைகளில், இரண்டு டாக்டர்கள். கல்யாணம் ஆகாதவருக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் கணவர் கையெழுத்து தேவையில்லை.

காலனித் தெருவிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தார், கணுக்காலில் சேறு காயவில்லை. ஏழாவது வாரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். "புருஷனைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவர் அறுப்பு முடிந்து ஊர் திரும்புவதற்குள் பதினோராவது வாரம். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையிலேயே முடிந்திருக்க வேண்டியது, கருவி வைத்துக் கலைப்பதில் போய் நின்றது. காரில் வந்து இறங்குகிற அம்மாவிடம் யாரும் புருஷனைத் தேடி நான் பார்த்ததில்லை. சேற்றுக்கால் என்றால் மட்டும் ஏன் இந்தக் கேள்வி? மறுத்தால், எந்த விதிப்படி மறுக்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

பிரசவத்தோடு காப்பர்டி (கருத்தடைச் சாதனம்) வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. எடுக்கலாமா? (வேதாரண்யம்)

எடுக்கலாம். உங்களைக் கேட்காமல் வைத்தது தப்பு. ஆனால் அதன் நூலை நீங்களே இழுக்காதீர்கள். எடுத்த கையோடு மறுபடி கரு தங்கலாம், அதனால் அடுத்து என்ன வழி என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

வெள்ளைப்படுகிறது. வயது 34. கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா? (பாபநாசம்)

வேண்டாம். வெள்ளைப்படுதலுக்கு மருந்து இருக்கிறது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். திரும்பவும் சொல்கிறேன், மருந்துக்கடையில் கேட்டு எதையும் விழுங்காதீர்கள்.