மஞ்சள் செடிக்குக் கவாத்து தேவையா?

கேள்வி: மதுரையில் எங்கள் மொட்டைமாடியில் 6 பைகளில் வைகாசிக் கடைசியில் மஞ்சள் நட்டேன். இப்போது ஐப்பசி. நான்கடி உயரம் வளர்ந்து, இலைகள் ஒன்றோடொன்று உரசி நிற்கின்றன. அடி இலைகள் சில மஞ்சளாகிக் காய்கின்றன, சிலவற்றில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. துளசிக்குச் செய்வதுபோல மேலே வெட்டிக் கவாத்து செய்தால் கிழங்கு பெருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வெட்டலாமா? பொங்கலுக்கு மஞ்சள் கொத்து கிடைக்குமா?

பதில்: வெட்டாதீர்கள். அதிலும் இந்த மாதத்தில் வெட்டவே வெட்டாதீர்கள்.

துளசியின் நுனியைக் கிள்ளினால் கணுவில் உறங்கும் மொட்டு விழித்துக் கிளை விடும். மஞ்சளில் அப்படி விழிப்பதற்கு மேலே எதுவும் இல்லை. தண்டு என்று நாம் நினைப்பது, வாழையைப் போல, இலையுறைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்பதுதான். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. அதைத்தான் கிழங்கு என்கிறோம். மேலே வெட்டினால் இலை போகும், அவ்வளவுதான். இழந்த இலைக்குப் பதில் புதுக்குருத்து விட, செடி கிழங்கில் சேர்த்து வைத்ததையே எடுத்துச் செலவழிக்கும்.

நட்ட முதல் நான்கைந்து மாதங்கள் இலையும் பக்கச் சிம்பும் விடுகிற காலம். அப்புறம்தான் இலை சமைக்கிற சாப்பாடு கீழே இறங்கிக் கிழங்கு பருக்கத் தொடங்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை உங்கள் செடிக்கு அந்தப் பருவம். வழியை மறைக்கிறது என்று என் வீட்டுப் பின்புறத்தில் ஒரு வருடம் இரண்டு தூர்களைக் கார்த்திகையில் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டேன். மாசியில் தோண்டியபோது தாய்க்கிழங்கு இருந்தது. அதைச் சுற்றி விரல்போலக் கிளைக்கும் கிழங்குகளான விரலிகள் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. தொடாமல் விட்ட பக்கத்துத் தூரில் கை கொள்ளாத விரலி. அதன் பிறகு பச்சை இலையில் நான் கத்தி வைப்பதில்லை.

நான்கடி உயரம் இந்தச் செடிக்கு இயல்பானதுதான். காற்றில் சாய்ந்தால் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். நெருக்கமாக இருந்தால் பைகளை ஓரடி தள்ளி வையுங்கள். இலைகளுக்கு நடுவே காற்றோட்டம் வேண்டும் என்பது உண்மை. அதற்குப் பையை நகர்த்தினால் போதும்.

சரி, மஞ்சளாகும் இலைக்கு வருவோம். எந்த இலை, எந்த மாதம் என்ற இரண்டையும் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அடியில் இருக்கும் முதிர்ந்த இலை ஒன்றிரண்டு மட்டும் பழுத்துக் காய்ந்தால் கவலை வேண்டாம், அது வயதானதால். மேலே புதிதாக வரும் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளிலும் இது அதிகம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம். நடுக்குருத்து மட்டும் வாடி, தண்டில் சிறு துளையும் அதன் வாயில் மரத்தூள் போன்ற எச்சமும் தெரிந்தால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. அந்த ஒரு தண்டை மட்டும் அடியோடு அறுத்துப் புழுவோடு அப்புறப்படுத்துங்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இப்போது வடகிழக்குப் பருவமழைக் காலம். இலை ஓரத்திலிருந்து காய்ந்து வந்து, தண்டு மண்ணைத் தொடும் இடம் நீர்கோத்து மெத்தென்று ஆகி, லேசாக இழுத்தாலே கையோடு வந்தால் அது கிழங்கு அழுகல். மோந்து பார்த்தாலும் தெரியும், கெட்ட வாடை அடிக்கும். இன்றைக்கே ஆறு பைகளின் அடித்துளைகளையும் குச்சியால் குத்திப் பாருங்கள், தண்ணீர் ஒழுகி வெளியேற வேண்டும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழை நாட்களில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். ஒரு பையில் அழுகல் உறுதியானால் அந்தத் தூரை மண்ணோடு எடுத்துவிடுங்கள், அந்த மண்ணை வேறு பைக்குப் போடாதீர்கள். மற்றப் பைகளுக்கு முன்னெச்சரிக்கையாக, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை நன்றாக மக்கிய தொழுவுரத்தோடு கலந்து தூரைச் சுற்றிப் போடலாம்.

பழுப்புப் புள்ளியின் நடுவில் சாம்பல் நிறமும் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் அது இலைப்புள்ளி நோய், பூஞ்சையால் வருவது. உங்கள் கத்திக்கு வேலை இங்கேதான். பாதிக்கு மேல் புள்ளி விழுந்த இலைகளையும் முழுக்கக் காய்ந்தவற்றையும் மட்டும் எடுங்கள். பிய்த்து இழுக்காதீர்கள், உறை கிழிந்து அந்தக் காயத்தில் தண்ணீர் தங்கும். இலைத்தகடு முடியும் இடத்தில் வெட்டி, உறையைத் தண்டோடு விட்டுவிடுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது வெட்ட வேண்டாம். வெட்டிய நோய் இலையை மண்ணை மூடும் மூடாக்காகப் போடக் கூடாது.

வெட்டுவதைவிடக் கிழங்குக்கு நல்லது மண் அணைப்பது. பையின் மேற்பரப்பில் கிழங்கு எட்டிப் பார்த்தால் வெயில் பட்டுப் பச்சையாகிவிடும். இப்போதே இரண்டு அங்குலம் மண்ணும் மண்புழு உரமும் கலந்து மேலே போட்டு மூடுங்கள். மரச்சாம்பல் இருந்தால் பைக்கு ஒரு கைப்பிடி சேர்க்கலாம், சாம்பல்சத்து கிழங்குக்கு நல்லது. ஆனால் புது இலை வெளிறியிருக்கும் பைக்கு அது வேண்டாம், மண்ணின் சுண்ணாம்புத் தன்மையை இன்னும் கூட்டிவிடும். இலையை மட்டும் தழைக்க வைக்கும் தழைச்சத்து உரங்களை இனி நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை நடும்போது பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் மண் நிரப்புங்கள், பின்னால் அணைக்க இடம் இருக்கும்.

பூ வந்தால் விட்டுவிடலாம், அழகான பூ. விதை பெரும்பாலும் பிடிக்காது. கொழுக்கட்டையை மஞ்சள் இலையில் மடித்து வேக வைக்க ஆசை இருந்தால் தூருக்கு ஓர் இலை எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பொங்கல் கொத்து நிச்சயம் கிடைக்கும். பானையில் கட்டும் கொத்துக்கு இலை பச்சையாக இருக்க வேண்டும், அதனால் அது கொஞ்சம் இளம் அறுவடைதான். ஒரே ஒரு பையை அதற்கு ஒதுக்கி, முந்தின நாள் தூரோடு எடுங்கள். மீதி ஐந்தையும் விட்டு வையுங்கள். தை நடுவிலிருந்து எல்லா இலைகளும் சேர்ந்து பழுத்துச் சாயத் தொடங்கும். அப்போது நோய் என்று பதறி மருந்து தெளிக்காதீர்கள், உரமும் வைக்காதீர்கள். செடி தன் வேலையை முடித்துக்கொள்கிறது. தண்ணீரைக் குறைத்துப் பிறகு நிறுத்துங்கள். இலை முழுக்கக் காய்ந்ததும், மாசி வாக்கில், மண்ணுக்கு ஓரங்குலம் மேலே மொத்தமாக அறுத்துவிடுங்கள். மஞ்சளுக்கு உரிய கவாத்து அது ஒன்றுதான். ஒரு வாரம் கழித்துப் பையைக் கவிழ்த்துக் கிழங்கை எடுக்கலாம்.

அடுத்த முறை நடுவதற்குக் காயம் படாத, பருத்த கிழங்குகளைத் தனியே எடுத்து, வேக வைக்காமல், நிழலில் உலர்ந்த மணலுக்குள் வையுங்கள். அறுத்தவற்றில் நோயில்லாத காய்ந்த இலைகளை மேலே பரப்பி மூடுங்கள். சித்திரை வெயிலில் முளை எட்டிப் பார்க்கும்.