கம்ப்யூட்டரில் ஒரு வரிசை, பிளேயரில் ஒரு வரிசை

கேள்வி: திரையில்லாத சின்ன எம்பி3 பிளேயரில் 01, 02 என்று எண் போட்டுத்தான் பாட்டு ஏற்றினேன். கம்ப்யூட்டரில் வரிசையாகவே தெரிகிறது. பிளேயரோ 07-ஐ முதலில் பாடுகிறது. பழுதா?

பழுதில்லை. கம்ப்யூட்டர் பெயரைப் பார்த்து அடுக்கிக் காட்டுகிறது. மலிவான பிளேயருக்கு அந்த வேலை தெரியாது. ஃபேட் (ஃபைல்களை மெமரியில் ஒழுங்காக வைக்கும் ஒரு முறை) முறையில் ஃபார்மேட் செய்த மெமரியில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பட்டியல் உண்டு. முதலில் எழுதிய ஃபைல் அதில் மேலே நிற்கும். பிளேயர் அதை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 07-இன் மேல் மவுஸை வைத்து இழுத்திருப்பீர்கள். விண்டோஸ் பெரும்பாலும் மவுஸால் பிடித்து இழுத்த ஃபைலையே முதலில் காப்பி செய்யும். அடுத்த முறை 01-ஐப் பிடித்து இழுங்கள்.

உண்மையான வரிசையைப் பார்க்க, விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளைகளைத் தட்டும் விண்டோ) அந்த டிரைவுக்குப் போய் 'டிஐஆர்' (dir) என்ற மூன்றெழுத்தைத் தட்டி என்டர் அழுத்துங்கள். பட்டியலில் இருக்கிறபடியே காட்டும்.

ஏற்றியதைத் திருத்த விண்டோஸில் டிரைவ்சார்ட், லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற மென்பொருள்கள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். முதலில் பாட்டுகளை வேறிடத்தில் ஒரு காப்பி எடுத்துவையுங்கள். பட்டியலை எழுதும் நடுவில் கேபிள் கழன்றால் ஃபோல்டரே காணாமல் போகலாம். பிளேயரைத் திறந்து வைத்திருக்கும் விண்டோக்களை மூடிவிட்டு, டிரைவ்சார்ட்டில் டிரைவைத் தேர்ந்து, நீண்ட பெயர்ப்படி அடுக்கிச் சேமியுங்கள். ஃபேட்சார்ட்டுக்கு டிரைவை அன்மவுண்ட் செய்தாக வேண்டும், அதாவது கேபிளைக் கழற்றாமலே லினக்ஸ் அதைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். பாட்டு எதுவும் இடம் மாறுவதில்லை, பட்டியல் மட்டுமே மாறுகிறது. அதனால் சில விநாடியில் முடிந்துவிடும். எண்களை 001, 002 என்றே போடுங்கள். வெறும் 1, 2 என்றால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

கேள்வி: ஒரு பாட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஏற்றினால், அது கடைசியில் வராமல் நடுவில் புகுந்துகொள்கிறதே?

அழித்த ஃபைலின் இடம் பட்டியலில் காலி என்று குறிக்கப்படுகிறது. புதிது அங்கே குடியேறிவிடுகிறது. எதைச் சேர்த்தாலும், எடுத்தாலும் மறுபடி ஒருமுறை அடுக்குவதுதான் வழி.

கேள்வி: 2 ஜிபி பிளேயரில் பாதி இடம் காலி. ஆனாலும் இடமில்லை என்கிறது.

எல்லாப் பாட்டையும் ஃபோல்டர் இல்லாமல் வெளியே கொட்டியிருப்பீர்கள். ஃபேட் முறையின் ஒரு வகையான ஃபேட்16-இல் அந்த மேல்மட்டப் பட்டியலில் வழக்கமாக 512 கட்டங்களே உண்டு. நீண்ட பெயர் 13 எழுத்துக்கு ஒரு கட்டம் தின்னும். தமிழ்ப் பெயர்களில் புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனி எழுத்துக் கணக்கு. அப்படி 30 எழுத்து வரும் பெயருக்கு 3 கட்டம், அடிப்படைப் பதிவுக்கு 1, ஆக 4. சுமார் 128 பாட்டோடு கதவு சாத்திக்கொள்ளும். ஃபோல்டர் போட்டு உள்ளே வைத்தால் இந்த வரம்பு இல்லை.

கேள்வி: டிரைவ்சார்ட்டில் என் பிளேயரே தெரியவில்லை.

டிரைவ் எழுத்து (E:, F: போன்றது) இல்லாமல் எம்டிபி முறையில் இணைந்திருக்கும். பிளேயரின் செட்டிங்ஸில் யூஎஸ்பி முறையை எம்எஸ்சி (பென் டிரைவ் போல இணையும் முறை) என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பிளேயரில் இந்த மென்பொருள்கள் வேலைக்காகாது. பாட்டின் டேக்கை (ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும் பாட்டு விவரம்) படித்து அடுக்கும் பிளேயர் என்றால், டேக்கில் டிராக் எண்ணைத் திருத்துங்கள்.