வைரத்துக்குப் பிறகு என்ன? போட்ஸ்வானா பற்றி உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஒரே கனிமத்தை நம்பியிருக்கும் ஆப்பிரிக்க நாடு, வணிகத்தாலும் தனியார் தொழிலாலும் வேறு வழி தேடிக்கொள்ள முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு நெருக்கமாகத் தெரிந்த நாடு போட்ஸ்வானா. அதன் தலைநகர் கபரோனில் 11 ஆண்டுகள் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். அந்த நாட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பொருளியல் மாணவி): வைரமும் எண்ணெயும் கிடைத்த பல நாடுகள் சண்டையில் சிதைந்தன. போட்ஸ்வானா எப்படித் தப்பியது?

1966 செப்டம்பரில் சுதந்திரம் கிடைத்தபோது அந்த நாட்டில் இருந்த தார்ச் சாலை சுமார் 12 கிலோமீட்டர். பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறு ஆண்டே ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த 1967இலேயே, நிலத்தடிக் கனிமம் எந்தக் குலத்தின் மண்ணில் கிடைத்தாலும் அது நாட்டுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. ஒராபா இருப்பது முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்தக் குலத்தாரின் நிலப்பகுதியில். தன் மக்களுக்கென்று அதை வைத்துக்கொள்ளாமல் நாட்டுக்குக் கொடுத்தார். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனம் நெகிழும்.

பிறகு பன்னாட்டு வைர நிறுவனமான டி பியர்ஸோடு அரசு சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் டெப்ஸ்வானா என்ற சுரங்க நிறுவனம் உருவானது. 1982இல் ஜ்வனெங் சுரங்கம் திறந்தது. செட்ஸ்வானா மொழியில் அந்தப் பெயருக்குச் சிறுகற்கள் கிடக்கும் இடம் என்று பொருள். மதிப்பை வைத்துப் பார்த்தால் உலகின் மிகப் பணக்கார வைரச் சுரங்கம் அது. வந்த பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் போனது.

கேள்வி: அவ்வளவு நன்றாக நடந்த நாடு இப்போது ஏன் தடுமாறுகிறது?

ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைரம். அரசு வருவாயில் சுமார் மூன்றில் ஒரு பங்கும் அதிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் கடைக்கு வந்ததும் விலை சரிந்தது. சீனாவிலும் வாங்குவோர் குறைந்தார்கள். 2024இல் பொருளாதாரம் சுமார் 3 சதவீதம் சுருங்கியது. அந்த ஆண்டு அக்டோபர் தேர்தலில், சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து ஆண்டுவந்த கட்சி தோற்று, டூமா போகோ குடியரசுத் தலைவரானார். ஆட்சி அமைதியாகக் கைமாறியது. அதுவும் அந்த நாட்டின் சொத்துதான்.

கேள்வி (கோவையில் சிறு பட்டறை நடத்துபவர்): ஐம்பது ஆண்டாகப் பணம் இருந்தும் தனியார் தொழில் ஏன் வளரவில்லை?

இந்தக் கேள்விக்காகவே நான் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றுக்கு நான் கணக்கு பார்த்தேன். பன்னிரண்டு தையல் இயந்திரங்கள். முதலாளி அம்மையாரும் ஓர் இயந்திரத்தில் உட்கார்ந்து தைப்பார். சுத்தமான வேலை. அவருடைய பில் கோப்பைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் வாங்கியவர் பெயர் ஒன்றுதான்: அரசுத் துறை. ஓர் ஆண்டு பணம் ஐந்து மாதம் வரவில்லை. தையல்காரர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். அந்த மாதக் கணக்கை முடித்துக் கொடுத்த அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

கட்டட ஒப்பந்தக்காரர், உணவு வழங்குபவர், கணினி விற்பவர் என்று நான் பார்த்த கோப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. வைரப் பணம் அரசுக்கு வருகிறது. அரசு டெண்டர் விடுகிறது. தனியார் அந்த டெண்டரில் பிழைக்கிறார்கள். பெயர்ப் பலகையில் தனியார் தொழில், உள்ளே ஓடுவது அதே வைரப் பணம். வைரம் இருமினால் தையற்கூடத்துக்குக் காய்ச்சல் வருகிறது. எத்தனை புதுத் தொழில் தொடங்கினோம் என்று அரசு எண்ணிக்கொண்டே இருந்தது. புதிதாக எத்தனை வாடிக்கையாளர் கிடைத்தார்கள், அதில் எத்தனை பேர் எல்லைக்கு அப்பால் இருக்கிறார்கள் என்று எண்ணியிருக்க வேண்டும்.

கேள்வி: மானியம் கொடுத்துத் தொழிற்சாலைகளை வரவழைக்கவில்லையா?

வரவழைத்தார்கள். 1982 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டு ஓடிய நிதியுதவித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் கூலியின் பெரும் பகுதியை அரசே ஏற்றது. மானியம் தீர்ந்ததும் மூட்டை கட்டிய ஆலைகள் பல. கபரோனில் ஹூண்டாய் கார்களைப் பொருத்தித் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிய ஆலையும் கடனில் மூழ்கி 2000இல் மூடியது. செலிபி பிக்வே நகரமே செம்பு நிக்கல் சுரங்கத்துக்காக எழுந்த ஊர். 2016 அக்டோபரில் அந்தச் சுரங்கம் மூடப்பட்டு சுமார் 5,000 பேர் வேலை இழந்தார்கள். கனிமம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை நாடு தன் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டது.

கேள்வி (நகைக்கடை வைத்திருப்பவர்): கல்லை அங்கேயே பட்டை தீட்டி விற்றால் லாபம்தானே?

ஓரளவு செய்கிறார்கள். 2013இல் டி பியர்ஸ் தன் கச்சா வைர விற்பனையை லண்டனிலிருந்து கபரோனுக்கு மாற்றியது. வாங்குவோர் அங்கே பறந்து வருகிறார்கள். பட்டை தீட்டும் கூடங்களும் சில ஆயிரம் பேருக்கு வேலை தருகின்றன. ஆனால் கூலியில் சூரத்தோடு போட்டியிட முடியாது. அதைவிட, வைர விலை விழுந்தால் சுரங்கமும் தீட்டும் கூடமும் ஒரே நாளில் விழும். முட்டைகளைப் பல கூடைகளில் வைத்தாலும் கூடைகள் எல்லாம் ஒரே வண்டியில்தான் போகின்றன.

கேள்வி: நிலம் சூழ்ந்த நாடு, மக்கள் தொகை 24 லட்சம். யாருக்கு விற்பது?

1910 முதல் இருக்கும் தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தில் போட்ஸ்வானாவும் உறுப்பு நாடு. ஆறு கோடி மக்களுள்ள தென்னாப்பிரிக்கச் சந்தைக்குள் சுங்கமின்றிப் பொருள் அனுப்பலாம். நடப்பது தலைகீழ். கபரோன் கடைத்தட்டுகளில் பெரும்பாலும் அங்கிருந்து வந்த பொருளே இருக்கும். 2022 தொடக்கத்தில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு உள்ளிட்ட காய்கறிகளின் இறக்குமதிக்குத் தடை போட்டுப் பார்த்தார்கள். உள்ளூர் உழவர்கள் சாகுபடியைக் கூட்டினார்கள். ஆனால் பருவம் தப்பினால் கடையில் காய் இல்லை, இருந்தால் விலை கடுமை. பூட்டிய கதவுக்குள் விளைந்ததை வெளியே கொண்டுபோய் விற்கும் தெம்பு தானாக வந்துவிடாது.

எனக்கு நம்பிக்கை தந்தது வடக்கே கசுங்குலா. அங்கே சாம்பேசி ஆற்றைக் கடக்க முன்பு மிதவைப் படகுதான். ஒரு முறைக்கு ஒன்றிரண்டு லாரி. நான் போன சமயம் சாம்பியா பக்கம் போகும் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் சக்கரத்தின் நிழலில் அடுப்பு மூட்டிச் சோளமாவுக் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆறு நாளாக நிற்பதாகச் சொன்னார். 2021 மே மாதம் 923 மீட்டர் நீளப் பாலம் திறந்தது. ஜிம்பாப்வே எல்லைக்குள் நுழையாமல் இருப்பதற்காக அது வில்லாக வளைந்து போகிறது. இரு நாட்டுச் சோதனையும் ஒரே கட்டடத்தில். ஆறு நாள் காத்த லாரியின் வாடகை பொருளின் விலையில்தானே ஏறும்? அந்தச் செலவைக் குறைத்தது எந்த மானியத்தையும்விடப் பெரிய உதவி.

கேள்வி: வைரத்துக்கு முன்பு அந்த மக்கள் எதை விற்றார்கள்?

மாடு! இன்றும் ஒரு குடும்பத்தின் செல்வம் மாட்டுப் பட்டியில்தான் எண்ணப்படுகிறது. லொபாட்சே நகரிலிருந்து ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி நெடுங்காலமாகப் போகிறது. கோமாரி நோய் தலைகாட்டினால் அந்த வாசல் மூடிவிடும். அதனால் நாட்டின் குறுக்கே கால்நடை வேலிகள். நெடுஞ்சாலையில் வேலி வாசல் வந்தால் பஸ்ஸை நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்கி, மருந்து ஊறிய ஈரப் பாயில் செருப்போடு மிதித்துவிட்டு ஏற வேண்டும். பையில் பச்சை இறைச்சி இருந்தால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு மாடும் எந்தப் பட்டியிலிருந்து வந்தது என்று காட்ட, முதலில் அதன் வயிற்றில் தங்கும் மின்னணுக் குளிகையைக் கொடுத்தார்கள். பிறகு காதுவில்லைக்கு மாறினார்கள். தூரத்து வாடிக்கையாளர் கேட்கும் தரத்துக்குத் தன்னை வளைத்துக்கொள்ள இந்த நாட்டுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் ஏற்றுமதி உரிமை முழுவதும் பல பத்தாண்டுகள் ஒரே அரசு வாரியத்திடம் இருந்தது. மாடு வளர்ப்பவருக்குக் கேட்ட விலை கிடைக்கவில்லை.

கேள்வி: மொரிசியசை ஏன் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்?

ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கும் அந்தத் தீவும் ஒரு காலத்தில் கரும்பையே நம்பிக் கிடந்தது. 1970இல் ஏற்றுமதிக்கென்று தனிச் சட்டம் போட்டு ஆடைத் தொழிலுக்கு வந்தது. பிறகு சுற்றுலா, நிதிச் சேவை. அவர்களுக்குத் துறைமுகம் இருந்தது. அதைவிட, கரும்புத் தோட்ட முதலாளிகள் தங்கள் சொந்தப் பணத்தை ஆடை ஆலையில் போட்டார்கள். போட்ஸ்வானாவில் மூலதனம் திரண்டது அரசிடம். வித்தியாசம் அங்கேதான்.

கேள்வி: புதிய அரசிடம் நீங்கள் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால்?

வாங்கிய பொருளுக்கு 30 நாளில் பணம் கொடுங்கள். என் தையற்கூட அம்மையாருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், ஜோகன்னஸ்பர்க் சாலையிலுள்ள ஒரு பள்ளியிலிருந்து 400 சீருடைக்கு ஆர்டர் வந்தது. துணி வாங்கக் கையில் பணம் இல்லை. அது முழுவதும் அரசு அலுவலகத்தில் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது. ஆர்டரை வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.