விடுப்பு, வேலை, வீடு: கணவன் மனைவி கேட்ட கேள்விகள்

கேள்வி (ஈசூன்): அக்கா, மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். என் விடுப்பை எப்போது எடுப்பது?

பதில்: தம்பி, பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, பிறப்பதற்கு முன் நீங்கள் தொடர்ந்து 3 மாதம் வேலை பார்த்திருந்தால் தந்தையர் விடுப்பு 4 வாரம் உண்டு. 1 ஏப்ரல் 2025 முதல் முதலாளி அதைத் தருவது கட்டாயம். அதோடு, 1 ஏப்ரல் 2026 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 10 வாரம். சும்மா விட்டால் ஆளுக்கு 5 வாரம் என்று பிரியும். மாற்றுவதானால் பிறந்த 4 வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். விடுப்பு எடுக்க 4 வாரம் முன்பே முதலாளிக்குச் சொல்ல வேண்டும்.

பலர் எல்லாவற்றையும் முதல் இரண்டு மாதத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள். அப்போது அம்மா, மாமியார் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்; பத்தியச் சமையலும் நடக்கும். மனைவி 16 வார விடுப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பும் நாளில்தான் ஆள் இருக்காது. பகிர்வு விடுப்பை அதற்கு வையுங்கள். பகல் முழுக்கத் தனியாகப் பார்த்தால்தான் பால் எத்தனை மணிக்கு, அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்பதெல்லாம் யாரையும் கேட்காமல் உங்களுக்கே தெரியவரும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): வேலை நேரத்தை மாற்றிக் கேட்டால், "மனைவி பார்க்க மாட்டாங்களா?" என்கிறார் மேலாளர்.

பதில்: வாய்ப்பேச்சாகக் கேட்டால் இப்படித்தான் போகும். எழுதிக் கொடுங்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு வழிகாட்டி (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்தது) 1 டிசம்பர் 2024 முதல் நடப்பில் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடித்தவர் முறையாகக் கேட்டால், முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். "செவ்வாய், வியாழன் 8.30க்குப் பதில் 9.30க்குத் தொடங்கி ஒரு மணி நேரம் தாமதமாக முடிக்கிறேன், மகனைப் பாலர் பள்ளியில் விட வேண்டும், ஜூலை முதல் டிசம்பர் வரை" என்று நாள், காரணம், கால அளவு மூன்றையும் சொல்லுங்கள். சம்மதித்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் மறுப்பதற்கு வேலை சார்ந்த காரணம் வேண்டும். "இங்கே வழக்கமில்லை" என்பது காரணமாகாது.

கேள்வி (தெம்பனிஸ்): பிள்ளைகளுக்காக வேலையை விட்டேன். என் மத்திய சேம நிதி (மசே நிதி), ஓய்வுக்காலச் சேமிப்பு, அப்படியே நிற்கிறது.

பதில்: 55 வயதுக்குக் கீழ் என்றால் கணவர் உங்கள் மசே நிதியின் சிறப்புக் கணக்கில் ரொக்கமாக நிரப்பலாம். முந்தைய ஆண்டு உங்கள் வருமானம் 8,000 வெள்ளியைத் தாண்டாவிட்டால் அவருக்கு வரிக் கழிவும் கிடைக்கும். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அவசரச் செலவுக்கு முதலில் ஒதுக்கிவையுங்கள். கேட்கத் தயங்காதீர்கள் அம்மா, இது உங்கள் உழைப்புக்கு உரிய பங்கு.

கேள்வி (பொங்கோல்): வீட்டில் பணிப்பெண் இருக்கிறார். பிறகென்ன வீட்டுப் பொறுப்பைப் பிரித்துக்கொள்வது?

பதில்: அவருக்கு வேலை சொல்வது யார், பள்ளிப் படிவத்தை நிரப்புவது யார்? ஒவ்வொன்றையும் முழுதாக ஒருவர் ஏற்க வேண்டும். மகளின் பல் மருத்துவம் அப்பாவுடையது என்றால் முன்பதிவு, அழைத்துப்போவது, அடுத்த தேதியைக் குறிப்பது எல்லாமே அவருடையது. மனைவி ஞாபகப்படுத்தித்தான் நடக்கிறதென்றால் பாதி வேலை இன்னும் அவரிடமே இருக்கிறது.