பகுதிநேர வேலைக்குப் போனால் உயர்தர (A/L) மாணவரின் படிப்பு கெடுமா?

பகுதிநேர வேலை என்றால் பாடசாலை நேரம் போக மீதி நேரத்தில் கூலிக்குச் செய்வது: ஹட்டனில் மாலையில் கடையில் நிற்பது, நுவரெலியாவில் சனி ஞாயிறு கரட் கழுவுவது. (இலங்கைச் சட்டப்படி 16 வயது ஆகியிருக்க வேண்டும், 2021இல்தான் அதை 14இலிருந்து உயர்த்தினார்கள்.)

படிப்பைக் கெடுப்பது வேலையல்ல, அது தின்னும் மணிநேரம். வாரம் 20 மணிநேரம் தாண்டினால் புள்ளி குறைவதாக அமெரிக்க ஆய்வுகள் பல சொல்கின்றன. ஏன்? 1.30க்குப் பாடசாலை விடும். 3 முதல் 8 வரை கடை, பிறகு பஸ், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) ஏற்றத்தில் நடை, சாப்பாடு. புத்தகத்தைத் திறக்கும்போது 10 மணி. காலை 5க்கு எழும்ப வேண்டும். முதலில் வெட்டு விழுவது தூக்கத்தில்தான். இந்த வயதுக்கு 8 மணிநேரமாவது வேண்டும், படித்தது மனதில் பதிவதும் அப்போதுதான்.

தேயிலைக் கொழுந்து எடுப்பதும் இப்படித்தானே. வாரம் ஒருமுறை எடுத்தால் செடி தாங்கும். மூன்றாம் நாளே கை வைத்தால் இளைத்துவிடும்.

“சனி ஞாயிறு மட்டும்தானே” என்பார்கள். ஒரு நாளுக்கு 9 மணிநேரம் என்றால் அதுவே 18, அந்த 20க்குக் கிட்டத்தான். டியூஷன் வகுப்புகள் பெரும்பாலும் நடப்பதும் அந்த இரண்டு நாளில்தான்.