நியூ ஜெர்சி கவர்னர் தேர்தல்: பிரைமரிக்குத் தபால் சீட்டு ஏன் வரவில்லை?

கேள்வி: எடிசனில் இருக்கிறோம். குடியுரிமை கிடைத்ததும் வாக்காளராகப் பதிந்து, தபால் ஓட்டும் கேட்டு வாங்கினேன். 2025 நவம்பர் கவர்னர் தேர்தலுக்குச் சீட்டு வீடு தேடி வந்தது. ஜூன் பிரைமரிக்கு மட்டும் வரவில்லை. ஏன்? ஜெயித்தவர் பெயரை இரவே சொல்லிவிட்டார்கள், ஆனால் எண்ணிக்கை அப்புறமும் பல நாள் ஏறிக்கொண்டே இருந்ததே? எச்-1பி விசாவில் உள்ள என் மைத்துனர் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கலாமா?

பதில்: உங்கள் வாக்காளர் பதிவில் கட்சி என்ற கட்டம் காலியாக இருந்திருக்கும். பிரைமரி என்பது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். டெமாக்ரட் சீட்டு வேறு, ரிபப்ளிகன் சீட்டு வேறு. எதை அனுப்புவது என்று தெரியாமல், சீட்டு அனுப்பும் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அதிகாரியான கிளார்க் எதையும் அனுப்ப மாட்டார். கட்சி அறிவிப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டால் அடுத்த பிரைமரிக்கு வந்துவிடும். படிவம் கொடுக்க மறந்தாலும் மோசமில்லை: கட்சி பதியாதவர் பிரைமரி அன்று வாக்குச்சாவடியிலேயே ஒரு கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவருக்கு இந்தச் சலுகை இல்லை. மாறுவதானால் 55 நாள் முன்பே மாறியிருக்க வேண்டும். 2025-இல் பிரைமரி ஜூன் 10. கெடு ஏப்ரல் 16-ஆம் தேதியே முடிந்துவிட்டது.

கட்சி பதிந்தால் நம்மைப் பிடித்துக்கொள்வார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். வீண் தயக்கம். சந்தா கிடையாது, அட்டை கிடையாது, நவம்பரில் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் போடலாம். 2025 டெமாக்ரட் பிரைமரியில் ஆறு பேர் மோதினார்கள். மிக்கி ஷெரில் சுமார் 34 சதவீத ஓட்டிலேயே வேட்பாளர் ஆகிவிட்டார், ஏனென்றால் இங்கே இரண்டாம் சுற்று கிடையாது. ஓட்டு இப்படிச் சிதறும்போது உங்கள் ஒரு ஓட்டுக்கு நவம்பரைவிட ஜூனில்தான் மதிப்பு அதிகம். போதாக்குறைக்கு, கட்சித் தலைமை ஆதரித்தவர்களை எல்லாம் ஒரே வரிசையில் அச்சிடும் ‘கவுன்டி லைன்’ முறையும் ஒழிந்துவிட்டது. அப்போது செனட் தேர்தலில் நின்ற டெமாக்ரட் ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் 2024-இல் ஃபெடரல் நீதிமன்றம் அதைத் தடுத்தது, பிறகு சட்டமே மாறியது. இப்போது ஒரு பதவிக்கு நிற்கும் எல்லோர் பெயரும் ஒரே கட்டத்துக்குள் இருக்கும்; யார் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். துணை கவர்னருக்குப் பிரைமரி இல்லை. ஜெயித்த வேட்பாளரே பிறகு ஒருவரைச் சேர்த்துக்கொள்வார். நவம்பரில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு.

தபால் ஓட்டு செல்லாமல் போவது பெரும்பாலும் உறையில்தான். சீட்டை உள் உறையில் போட்டு ஒட்டுங்கள். அந்த உறையோடு ஒட்டியிருக்கும் சான்றிதழ்த் தாளில் கையெழுத்திடுங்கள், ஆனால் அதைக் கிழித்துவிடாதீர்கள். அப்படியே வெளி உறைக்குள் வைக்க வேண்டும். கையெழுத்து பதிவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். லைசென்ஸில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் தமிழிலுமாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இங்கே சிக்கிக்கொள்வார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கவுன்டியிலிருந்து திருத்தப் படிவம் வரும். அதை அன்றைக்கே நிரப்பி அனுப்புங்கள். தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்து, அடுத்த ஆறு நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் எண்ணுவார்கள். சேகரிப்புப் பெட்டியில் போடுவதானால் தேர்தல் நாள் இரவு 8 மணி வரைதான். வாக்குச்சாவடியில் அந்த உறையை வாங்க மாட்டார்கள். தபால் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு நேரில் போனால் இயந்திரத்தில் போட விடாமல் தற்காலிகச் சீட்டைக் கொடுப்பார்கள்.

எண்ணிக்கை இழுத்துக்கொண்டே போவதற்கு இவைதான் காரணம். தாமதமாக வரும் தபால் உறைகளுக்காக ஆறு நாள் காத்திருக்க வேண்டும். தற்காலிகச் சீட்டை, அதே ஆள் தபாலில் போடவில்லை என்று உறுதிசெய்த பிறகே பிரிப்பார்கள். ஆகவே அது கடைசி. இரவே பெயர் சொல்வது ஊடகங்களின் கணிப்பு, அரசின் அறிவிப்பு அல்ல. 2025-இல் ஜெயித்த ஷெரிலுக்கும் ரிபப்ளிகன் வேட்பாளர் ஜாக் சியாட்டரெல்லிக்கும் இடைவெளி சுமார் 14 சதவீதம் என்பதால் சட்டென்று சொல்ல முடிந்தது. 2021-இல் இதே சியாட்டரெல்லி தேர்தல் இரவில் முன்னிலையில் இருந்தார். டெமாக்ரட்டுகள் அதிகம் பயன்படுத்தும் தபால் ஓட்டுகள் சேரச் சேர அப்போதைய டெமாக்ரட் கவர்னர் ஃபில் மர்ஃபி மேலே வந்து, முடிவில் ஏறக்குறைய 84,000 ஓட்டில் ஜெயித்தார். மோசடி என்று வாட்ஸ்அப்பில் பறந்ததெல்லாம் இந்த வரிசைக் கணக்கு புரியாததால் வந்தது. வித்தியாசம் குறைவு என்பதற்காகத் தானாக மறு எண்ணிக்கை நடக்காது. கேட்பவர் நீதிமன்றத்துக்குப் போய் முன்பணமும் கட்ட வேண்டும். கவுன்டிகளும் மாநிலமும் சான்றளித்த பின், ஜனவரி மூன்றாம் செவ்வாய் பதவியேற்பு.

மைத்துனர் நன்கொடை கொடுக்கக் கூடாது. மாநிலத் தேர்தலானாலும் ஃபெடரல் சட்டம் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் தவிர மற்ற வெளிநாட்டினரைத் தடுக்கிறது. அவர் பணத்தை உங்கள் பெயரில் கொடுப்பதும் குற்றம்தான். நீங்கள் சொந்தப் பணத்தில் கொடுக்கலாம். 2025-இல் ஒரு கவர்னர் வேட்பாளருக்கு உச்சவரம்பு பிரைமரிக்கு 5,800 டாலர், நவம்பருக்குத் தனியாக 5,800 டாலர். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வாக்காளர் பதிவு பற்றிய கேள்வி வரும், அங்கே குடிமகன் என்று கவனக்குறைவாகக் குறித்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அந்த ஒரு கட்டம் பின்னால் அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடும்.