டிசையர் டீசல், 2 லட்சம் தாண்டியது: டிக் டிக் சத்தத்துக்குக் கெட்டி ஆயில் ஊற்றலாமா?

கேள்வி: திசையன்விளையில் இருக்கிறேன். 2012 டிசையர் டீசல், 2,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் டிக் டிக் என்று சத்தம். சில நாள் எஞ்சின் சூடான பிறகும் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) கேட்கிறது. "வெயில் ஊரு, பழைய வண்டி. 20டபிள்யூ50 ஊத்துங்க, சத்தம் அமுங்கிரும்" என்கிறார் மெக்கானிக். அந்தக் கெட்டி ஆயிலை ஊற்றலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. சத்தம் அமுங்கும் என்பது உண்மைதான். ஆனால் கோளாறு அப்படியே இருக்கும்.

உங்கள் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினில் ஸ்க்ரூ திருப்பி வைக்கும் டேப்பட் கிடையாது. ஹைட்ராலிக் லேஷ் அட்ஜஸ்டர்தான். உள்ளே நிற்கும் ஆயிலின் அழுத்தத்தால் வால்வு இடைவெளியை அதுவே சரிசெய்துகொள்ளும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கும் ஆயில் அழுத்தம்தான் பலம். இரண்டுக்கும் ஆயில் போகிற துளைகள் மிகச் சிறியவை. நம்மூர்க் காலைச் சூட்டில்கூட 20டபிள்யூ50, இந்த வண்டிக்கான 5டபிள்யூ30 ஆயிலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. அது மேலே ஏறி இந்தத் துளைகளுக்குள் நுழைகிற வரை, வால்வை அழுத்தும் ராக்கரும் செயினும் காய்ந்தபடி ஓடும்.

முதலில் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அந்தக் காற்று அட்ஜஸ்டருக்குள் போய் டிக் டிக் என்று தட்டும். இது பலருக்கும் தெரியும். ஆயில் கூடினாலும் இதே சத்தம் வரும் என்பதுதான் தெரிவதில்லை. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். இந்த எஞ்சின் பிடிப்பது மூன்று லிட்டரை ஒட்டித்தான். நான்கு லிட்டர் கேன் வாங்கி "மிச்சம் எதுக்கு" என்று முழுவதையும் கவிழ்த்துவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் அளவு கூடியிருந்தால், கோட்டுக்கு இறக்கிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

அளவு சரி என்றால், சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் இரண்டு மூன்று நொடி தட்டி நின்றால் கவலை வேண்டாம், மேலிருந்து ஆயில் வடிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அட்ஜஸ்டரில் அழுக்கோ காற்றோ இருக்கிறது. குளிரில் கேட்டு, சூடேறியதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிபோல்டை (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) பாருங்கள். கேஸ்கெட் கசிவில் புகை துடித்து வெளியேறுவதும் டிக் டிக் என்றுதான் கேட்கும். சூட்டில் இரும்பு விரிந்து கசிவு மூடிக்கொள்ளும். இணைப்பில் கரிக்கோடு தெரியும். குளிரில் இல்லாமல் சூட்டில், அதுவும் ஐடிலில் மட்டும் வந்தால் அதுதான் பயப்பட வேண்டியது. ஆயில் அழுத்தம் இறங்குகிறது என்று சந்தேகப்படுங்கள்.

வேகமும் தடம் சொல்லும். 800 ஆர்.பி.எம். ஐடிலில் ஒரு வால்வு வினாடிக்கு ஏழு தடவைக்குச் சற்றுக் குறைவாகத் தட்டும், ஏனென்றால் வால்வைத் திறக்கும் கேம்ஷாப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போயிருந்தால் அதைப் போல இரு மடங்கு வேகத்தில், 'டக் டக்' என்று அடித்தொண்டையில் தட்டும். கங்கைகொண்டான் பக்கம் நால்வழிச்சாலையில் நான்காவது கியரில் மெதுவாக வந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அந்த டக் டக் பெருத்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். ஓட்டி வீட்டுக்கு வர நினைக்காதீர்கள், டோ பண்ணுங்கள்.

இடம் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் வேண்டும். இல்லையென்றால் நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வையுங்கள். ஃபேனும் பெல்ட்டும் பக்கத்தில் சுற்றுவதால் துண்டு, தொங்கும் சட்டை ஆகாது. வால்வு கவரின் மேலே கூர்மையாகக் கேட்டால் அட்ஜஸ்டர். செயின் கவர் பக்கம் கரகரவென்றால் செயினோ டென்ஷனரோ. அதைத் தள்ளிப் போடாதீர்கள், செயின் பல் தாண்டினால் ராக்கர் உடையும், வால்வு பிஸ்டனில் மோதும்.

இன்ஜெக்டர் பக்கத்தில் 'சுக் சுக்' என்று கேட்டு, அடியில் தார் மாதிரிக் கறுப்பு படிந்திருந்தால் செப்பு வாஷர் கசிகிறது. பழைய டீசல் வண்டிகளில் "டேப்பட் சவுண்டு" என்று சொல்லிக் காலம் கடத்துவதில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு. இன்ஜெக்டரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை கட்டர் வைத்துச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, மேனுவலில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்க வேண்டும். பழைய வாஷரைத் திரும்பப் போட்டால் ஒரு மாதத்தில் மறுபடி கசியும். விட்டுவைத்தால் கரி இறுகி, இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும்.

இன்னொரு சோதனை: எஞ்சினை அணைத்து ஒரு இன்ஜெக்டரின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்படி நான்கையும் ஒவ்வொன்றாக. ஒன்றைக் கழற்றும்போது சத்தம் அமுங்கினால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர், வாஷர் அல்லது ராட் பேரிங். எதைக் கழற்றினாலும் மாறவில்லையென்றால் அட்ஜஸ்டர். செக் எஞ்சின் விளக்கு எரியும், பிறகு ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். ஆனால் பழைய அம்பாசிடர் டீசல் பழக்கத்தில் டீசல் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்க யாரையும் விடாதீர்கள். காமன் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாய்) அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சூட்டில் சத்தம் இருப்பதால் உங்களுக்கு ஆயில் அழுத்தமும் பார்த்தாக வேண்டும். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியவில்லை என்பது சாட்சியல்ல, அழுத்தம் ரொம்பவே விழுந்த பிறகுதான் அது எரியும். எஞ்சினில் இருக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அங்கே மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும் 2,000 ஆர்.பி.எம்.மிலும் அளந்து சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் சம்ப்பை (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறக்கி ஸ்ட்ரெய்னர் சல்லடையைப் பார்க்கணும். சம்ப்பில் மினுக்கும் தூள் கிடந்து, காந்தத்தில் ஒட்டவில்லையென்றால் பேரிங் தேய்கிறது.

இனி ஆயில். கையேட்டில் உள்ள கிரேடில், ஏசிஇஏ ஏ3/பி4 (ஐரோப்பிய வாகன நிறுவனங்களின் சங்கம் வகுத்த ஆயில் தரம்) உள்ள சிந்தெடிக் 5டபிள்யூ30 போதும். அழுத்தம் சரியாக இருந்தும் சூட்டில் லேசாகத் தட்டினால், கையேடு இடம் கொடுத்தால் 5டபிள்யூ40க்குப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். முன் எண் குளிரில் இளகி ஓடுவதையும் பின் எண் 100 டிகிரியில் இருக்கும் கெட்டியையும் சொல்கிறது. எஞ்சினுக்குள் ஆயில் பார்க்கும் சூடு அந்த 100 டிகிரியை ஒட்டியது, அக்னி நட்சத்திரமானாலும் மார்கழியானாலும். அதனால் "வெயில் ஊரு" என்ற காரணம் நிற்காது. ஹை மைலேஜ் என்று விற்கும் ஆயிலில் ரப்பர் சீல்களை மென்மையாக்கும் மருந்து கூடுதலாக இருக்கும். சீல் ஓரம் கசிந்தால் உதவும், தேய்ந்த அட்ஜஸ்டரைச் சரிசெய்யாது.

அழுக்கு எடுக்க மண்ணெண்ணெய், டீசல் ஊற்றி ஓடவிடுவது இங்கே பல பட்டறைகளில் வழக்கம். செய்ய விடாதீர்கள். இரண்டு லட்சம் ஓடிய எஞ்சினில் அழுக்கு கட்டியாகப் பெயர்ந்து சல்லடையை அடைக்கும், வடிக்க முடியாமல் உள்ளே நிற்பது புது ஆயிலை இளக்கும். பதிலாக, நல்ல ஆயிலும் பில்டரும் போட்டு 2,000 கி.மீ.யில் மாற்றுங்கள், இன்னொரு தடவை அதே மாதிரி. பிறகு 7,500க்கு ஒருமுறை. அழுக்கால் தட்டும் அட்ஜஸ்டர் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். அடங்காததை மட்டும் மாற்றினால் போதும்.

உங்கள் பக்கம் தேரி மணல் பறக்கும் ஊர். ஏர் பில்டரை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும். அங்கே நுழையும் மணல்தான் ஆயிலையும் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும்.

ஆயில் மாற்றியதும் 2,000 ஆர்.பி.எம்.மில் பத்து நிமிடம் ஓடவிட்டால் அட்ஜஸ்டரில் நிற்கும் காற்று வெளியேறும். அதன் பிறகு கேட்கிற சத்தத்தை வைத்து முடிவு செய்யுங்கள். காலி கேனைப் பட்டறையிலேயே விட்டுவராமல் கத்தியால் கீறிவிட்டு வாருங்கள், அதில் போலி ஆயில் அடைத்து விற்க முடியாது.